முயலைத் தனியாக விற்காதீர்கள்: முயல் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செல்லப்பிராணிக் கடை நடத்துபவர்களுக்கும், வீட்டில் முயல் வளர்த்துக் குட்டிகளை விற்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்க வந்தது ஒரே விஷயம்தான். முயலைத் தனியாக விற்காதீர்கள். ஜோடியாகக் கொடுங்கள், இல்லையென்றால் துணையில்லாத முயல் ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன்பு வாங்குபவரைப் பத்து நிமிஷம் உட்கார வைத்து, முயல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பழகும், எதைச் செய்தால் என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள். இதைச் சரியான நேரத்தில் செய்ய உங்களால்தான் முடியும். மருத்துவரிடம் போவதற்குள் பாதி கெட்டுப்போயிருக்கும். எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்வதற்குள் முழுதும் கெட்டுப்போயிருக்கும்.

வளர்க்க முடியவில்லை என்று கைவிடப்படும் முயல்களை வாங்கிப் பராமரித்து, துணை சேர்த்து, வேறு வீடு பார்த்துக் கொடுக்கிறேன். கொண்டுவந்து விடுபவர்கள் கெட்டவர்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பெரும்பாலானவர்கள் கண்கலங்கித்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். சொல்லும் காரணங்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். "கடிக்குது." "தூக்கினா உதறிக்கிட்டு ஓடுது." "எந்நேரமும் மூலையிலேயே உட்கார்ந்திருக்கு." "ரெண்டு வாங்கினோம், ரத்தம் வர சண்டை போடுது." வாங்கும்போது என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், என்ன தீனி போடுவது, கூண்டை எப்போது கழுவுவது என்பதோடு பதில் முடிந்துவிடும். முயலுக்கு இன்னொரு முயல் வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை.

முயல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சின்னதோ பெரிதோ, காது தொங்கியதோ நிமிர்ந்ததோ, நீங்கள் விற்கும் எல்லா முயலும் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த ஒரே காட்டு இனத்தின் வழி வந்தவை. அந்த இனம் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். ஒரு கூட்டத்தில் சில பெண்கள், சில ஆண்கள், அவற்றின் குட்டிகள் இருக்கும். பெண்களுக்குள் ஒரு வரிசை, ஆண்களுக்குள் ஒரு வரிசை. யார் நல்ல இடத்தில் குட்டி போடுவது, யார் யாருக்கு வழிவிடுவது எல்லாம் அந்த வரிசைப்படிதான். வளை தோண்டாமல் வெட்டவெளியில் பெரும்பாலும் தனியாகத் திரியும் காட்டு முயல், ஆங்கிலத்தில் 'ஹேர்' என்பார்களே, அது வேறு இனம். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, சீக்கிரமே தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். வீட்டு முயலின் குட்டியோ ரோமமில்லாமல், கண் திறக்காமல், உடன்பிறப்புகளின் சூட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கண் திறக்கவே பத்து நாள் ஆகும். பிறந்த நேரத்திலிருந்தே அதற்குப் பக்கத்தில் இன்னோர் உடல் வேண்டும்.

மனிதரோடு இத்தனை நூற்றாண்டு பழகிய பிறகும் அந்தத் தேவை இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். மனிதர் வளர்ப்பில் முயலின் மூளையே கொஞ்சம் மாறியிருக்கிறது என்பது உண்மை. பயத்தைக் கிளப்பும் மூளைப்பகுதி வீட்டு முயலுக்குச் சிறுத்தும், பயத்தை அடக்கும் முன்பகுதி பெருத்தும் இருப்பதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு படமெடுத்தே காட்டியது. ஆனால் துணை தேடும் குணம் போய்விடவில்லை. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆய்வுக்கூடத்துப் பெண் முயல்களுக்குத் தள்ளித் திறக்கும் கதவு வைத்து, அதன் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கதவுக்கு அப்பால் ஒரு முறை தீனி இருக்கும், ஒரு முறை இன்னொரு முயல் இருக்கும். தீனிக்காக எவ்வளவு எடையைத் தள்ளினவோ, ஏறக்குறைய அதே அளவு எடையை இன்னொரு முயலின் பக்கத்தில் போவதற்காகவும் அவை தள்ளின. உங்கள் வாடிக்கையாளர் யாரும் முயலைப் பட்டினி போட நினைக்க மாட்டார். துணையும் தீனிக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று தெரிந்தால் அதைத் தனியாக வைக்கவும் மனசு வராது.

பிரிட்டனில் ஒரு காப்பகத்து முயல்களைக் குளிர்காலத்தில் கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஜோடியாக இருந்தவற்றைவிடத் தனியாக இருந்தவற்றின் உடல் வெப்பம் குறைவாக இருந்தது. கூண்டுக் கம்பியை ஓயாமல் கடிப்பதும் தனி முயல்களிடம்தான் அதிகம். கம்பி கடிப்பதை உங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பசிக்கிறது போல என்று வாடிக்கையாளரிடம் சொல்லியும் இருப்பீர்கள். அடுத்த முறை அந்தக் கூண்டில் எத்தனை முயல் இருக்கிறது என்று பாருங்கள்.

"நாங்கதான் கூடவே இருக்கோமே, துணைக்கு வேறு முயல் எதுக்கு?" என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். அன்பில் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் முயல் சுறுசுறுப்பாக நடமாடுவது விடியற்காலையிலும் அந்தி மயங்கும் நேரத்திலும். அப்போது மனிதர் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது வேலையில் இருப்பார். மனிதரால் அதன் நெற்றியையும் கண் ஓரத்தையும் நாக்கால் நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. காதை ஒட்டிப் படுக்க முடியாது. ஒரு சத்தம் கேட்டால் இரண்டில் ஒன்று காதைத் தூக்கிக் காவல் பார்க்கும், மற்றது நிம்மதியாகத் தின்னும். அந்த நிம்மதியை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரால் தர முடியாது.

சரி, இனி அதன் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் பத்து நிமிஷத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் செலவாக வேண்டும்.

முயல் வாயைத் திறந்து அதிகம் பேசாது. உடம்பால் பேசும். அதன் பேச்சில் மனிதர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது, தலையைத் தரையோடு தாழ்த்தி அசையாமல் நிற்பதைத்தான். பயந்து பணிகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது "என்னை நக்கிவிடு" என்று கேட்பது. பெரும்பாலும் வரிசையில் மேலே இருக்கும் முயல்தான் அப்படித் தலையை நீட்டும். மற்றது வந்து நெற்றியையும் காதையும் நக்கிவிடும். கேட்டும் நக்கவில்லையென்றால் மூக்கால் ஒரு தள்ளு; அதற்கும் நக்கவில்லையென்றால் பல் பதியாத ஒரு சின்னக் கடி. முயல்களுக்குள் இது கோபமே இல்லை, கொஞ்சம் அழுத்திச் சொல்வது, அவ்வளவுதான். துணையில்லாத முயல் இதையெல்லாம் மனிதரின் காலிடமும் கையிடமும் சொல்லிப் பார்க்கிறது. தலை நீட்டியது புரியவில்லை, மூக்கால் தள்ளியதும் புரியவில்லை. கடைசியில் வந்த சின்னக் கடி மட்டும் புரிகிறது. "கடிக்குது" என்று என்னிடம் வந்த முயல்களில் நிறைய இப்படித்தான் வந்தவை. நெற்றியைத் தடவிக்கொடுக்கத் தொடங்கியதும் கடிப்பதை விட்டவை.

நிஜமாகவே கடிக்க வருவதும் உண்டு. அது பெரும்பாலும் கூண்டுக்குள் கை போகும்போது நடக்கும். காதைப் பின்னால் மடித்து, வாலை நிமிர்த்தி, உறுமியபடி முன்னங்கால்களால் பாயும். கூண்டு அதன் வளை. வளைக்குள் அந்நியக் கை வந்தால் காப்பது அதன் இயல்பு. கருத்தடை செய்யாத பெண் முயல்களிடம் இது இன்னும் கடுமையாக இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. முயலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழேயும் மட்டும் தெரியாது. நாம் கையை நீட்டுவதோ சரியாக அந்த இடத்தில். முயல் தானாக வெளியே வந்த பிறகு கூண்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கையை மேலிருந்து நெற்றிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாதிப் பாய்ச்சல் அதோடு நின்றுவிடும்.

தூக்குவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முயலைத் தரையிலிருந்து தூக்கும் ஒரே உயிர், இயற்கையில், அதைத் தின்ன வந்த உயிர்தான். அதனால் உதறும். எலும்போ மெல்லியது, உடல் எடையில் 7, 8 சதவீதம்தான் எலும்புக்கூடு. பின்னங்கால் தசையோ மிகவும் பலமானது. பிடி தவறி ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கடைகளில் இன்னொன்று நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முயலை மல்லாக்கப் படுக்க வைத்து, அது அசையாமல் கிடப்பதைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு சாது" என்கிறார்கள். அது சாதுவாக இருப்பது கிடையாது. பிடிபட்ட இரை கடைசியாகச் செய்யும் காரியம் அது. பயத்தில் உடம்பு உறைந்துபோகிறது. அதைப் பார்த்து வாங்கிப்போகும் குடும்பம் வீட்டிலும் அதையே செய்கிறது, குழந்தைகளும் செய்கிறார்கள். சில நாளில் மனிதரைக் கண்டாலே முயல் ஒளிந்துகொள்கிறது. தயவுசெய்து இதை இன்றே நிறுத்துங்கள். முயலோடு பழக வேண்டுமென்றால் தரையில் உட்கார வேண்டும், அது தானாக வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

சந்தோஷமும் அதற்கு உண்டு. அதையும் காட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் வாங்குபவருக்கு முயல் ஒரு பொம்மையாகவே தெரியும். ஓடுகிற ஓட்டத்தில் மேலே துள்ளி, காற்றிலேயே உடம்பை ஒரு பக்கமும் தலையை ஒரு பக்கமும் திருப்பினால் குதூகலம். முயல் வளர்ப்பவர்கள் அதற்கு 'பிங்கி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் நிம்மதி. முதல் முறை பார்ப்பவர் செத்துவிட்டது என்று பதறுவார். தடவும்போது பற்களை மெல்லத் தட்டினால் சுகம். ஆனால் தடவாமலே, குறுகி உட்கார்ந்து, பற்களைச் சத்தமாக நறநறவென்று கடித்தால் வலி. பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தால் ஆபத்து வருகிறது என்று கூட்டத்துக்குச் சொல்வது. கூட்டம் இல்லாத முயலும் அடிக்கும், கேட்க ஆள் இல்லாமல்.

தாடையைக் கதவிலும் நாற்காலியிலும் உங்கள் செருப்பிலும் தேய்ப்பது வாசனை வைப்பது. தாடைக்கு அடியில் அதற்கென்று சுரப்பிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1960களில் ரோமன் மிக்கிடோவிச் என்ற ஆய்வாளர் இந்தச் சுரப்பிகளையே வருஷக்கணக்கில் ஆராய்ந்தார். வரிசையில் மேலே இருக்கும் ஆண்களுக்குச் சுரப்பி பெரிதாக இருந்ததையும், அவைதான் அதிகம் தேய்த்ததையும் அவர் கண்டார். புழுக்கையை அங்கங்கே போட்டு வைப்பதும் பாதி இதே வேலைதான். புது வீட்டுக்குப் போன முயல் மூலைக்கு மூலை புழுக்கை போட்டால் அழுக்குப் பிராணி என்று திட்ட வேண்டியதில்லை. இடம் தன்னுடையது என்று ஆன பிறகு, அதுவும் கருத்தடைக்குப் பிறகு, பெரும்பாலானவை ஒரே தட்டில் போகப் பழகிவிடும்.

இனி சண்டைக்கு வருகிறேன். ஜோடியாக விற்கச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைக் கொடுத்து அனுப்பினால் மூன்று மாதம் வரை எந்தத் தொல்லையும் இருக்காது. அப்புறம் பருவம் வரும். அண்ணன் தம்பி என்ற உறவெல்லாம் அப்போது நிற்காது. ஆணும் ஆணும் கருத்தடை இல்லாமல் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் கடுமையாகச் சண்டை போடும், பெண்ணும் பெண்ணும்கூடப் போடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் குட்டி வரும். சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஈன்ற அன்றே பெண் மறுபடி சினையாக முடியும். குட்டிப் பருவத்தில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது கஷ்டம் என்பதால் "ரெண்டும் பெண்" என்று சொல்லி விற்றதில் ஒன்று ஆணாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. விற்கும் முன்பு ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள், முடிந்தால் மருத்துவரை வைத்துப் பாருங்கள், அப்படியும் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் வழி கருத்தடை அறுவை சிகிச்சை. ஆணுக்கு நாலு மாதத்தை ஒட்டி, பெண்ணுக்கு ஐந்து, ஆறு மாதத்தில் செய்வது வழக்கம். முயலைப் பார்த்துப் பழகிய மருத்துவராக இருப்பது முக்கியம். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் நிற்காமல் ஓட வேண்டும். அதனால் நாய், பூனைபோல முந்தின இரவே பட்டினி போடக் கூடாது. இதைத் தெரிந்த மருத்துவர் யார் என்று வாங்குபவர் தேடி அலைவதைவிட உங்கள் கடையில் ஒரு பெயர் எழுதி வைத்திருப்பது எவ்வளவோ நல்லது. பெண் முயலுக்கு இந்த அறுவையால் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் மிகவும் சகஜம். சில இனங்களில் நாலு வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் மேல். முயல் எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் வாழக்கூடியது என்பதை நினைத்தால் அது எவ்வளவு சீக்கிரம் என்று புரியும். ஆணுக்குச் செய்த உடனே பெண்ணோடு விட்டுவிடவும் கூடாது. நாலிலிருந்து ஆறு வாரம் வரை அதனால் சினைப்படுத்த முடியும்.

கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும்தான் சுலபமாகச் சேரும் ஜோடி. சுலபம் என்றாலும் ஒரு கூண்டில் தள்ளிக் கதவைச் சாத்தினால் சேராது. என்னிடம் ரத்தக் காயத்தோடு வந்த ஜோடிகளை ஒரு கூண்டில் "பழகட்டும்" என்று இரவெல்லாம் விட்டிருந்தார்கள். அப்படி விடச் சொல்லிக் கொடுத்தவர்கள் விற்றவர்களே. ஆகவே இதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், மூக்கு நீட்டிக் கடிக்க முடியாத இடைவெளி விட்டு வைக்க வேண்டும். விரிப்பையும் புழுக்கைத் தட்டையும் அவ்வப்போது மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒன்றின் வாசனை இன்னொன்றுக்கு அலுத்துப்போக வேண்டும். வேலிக்கு இரு பக்கமும் ஒட்டிப் படுக்கத் தொடங்கினால் அடுத்த கட்டம். இரண்டுமே அதுவரை கால் வைத்திராத ஓர் இடத்தில், மனிதர் கூடவே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் விட வேண்டும். அங்கே யாருக்கும் வளை இல்லை, அதனால் காக்கவும் ஒன்றுமில்லை. காய்ந்த புல்லைக் குவித்து வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் நின்று தின்னும். ஒன்று இன்னொன்றின் மேல் ஏறும். பெண்ணும் ஏறும். உடனே பலர் பதறிப் பிரித்துவிடுகிறார்கள். வேண்டாம், யார் மேலே, யார் கீழே என்று பேசி முடிக்கிற விதம் அது. கீழே இருப்பது பொறுத்துக்கொண்டால் சில நொடி விட்டுவிடலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிட வேண்டும். கீழே இருப்பது கடித்தால் பிறப்புறுப்பில் மோசமான காயம் படும். கொஞ்சம் துரத்துவதும், ரோமத்தை ஒரு பிடுங்கு பிடுங்குவதும் பரவாயில்லை. ஒன்றின் வாலை ஒன்று பிடிக்கப்போவதுபோல இரண்டும் வேகமாக வட்டமடிக்கத் தொடங்கினால் அடுத்த நொடி பெரிய சண்டை. வெறுங்கையை நடுவில் விடாமல் தடித்த துண்டை மேலே போட்டுப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மறுநாள் இன்னும் குறைந்த நேரம்.

சிலவற்றுக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒன்று இன்னொன்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் முகத்தைத் துடைக்கத் தொடங்கினால் நல்ல அடையாளம். நம்பாத ஆளுக்கு முயல் முதுகைக் காட்டாது. ஒன்றையொன்று நக்கி, ஒன்றாகத் தின்று, ஒட்டிப் படுத்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சண்டை இல்லையென்றால்தான் இரவில் சேர்த்து விடலாம். அப்படிச் சேர்ந்த ஜோடியை அப்புறம் பிரிக்கவே கூடாது. ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். தனியாகப் போய் மருந்து வாசனையோடு திரும்பினால் வீட்டில் இருந்தது அதை அந்நியமாக எண்ணித் தாக்குவதுண்டு.

துணை வேண்டுமென்று கேட்பவர்களுக்குக் கினிப் பன்றியைக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அது வேண்டாம். முயலின் ஓர் உதையில் கினிப் பன்றிக்கு உள்காயம் படும். முயல் நோய் தெரியாமல் சுமக்கும் ஒரு பாக்டீரியா கினிப் பன்றிக்குக் கடுமையான நுரையீரல் நோயைத் தரும். தீனித் தேவையும் வேறு, பேச்சும் வேறு.

குட்டி வளர்த்து விற்பவர்களுக்கென்று தனியாகச் சில வார்த்தைகள். தாய் முயல் நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் சில நிமிஷம்தான் கூட்டுக்குள் வந்து பால் கொடுக்கும். மற்ற நேரம் திரும்பியே பார்க்காது. கைவிட்டுவிட்டது என்று குட்டிகளை எடுத்துவிடாதீர்கள், வயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற பயமும் வேண்டாம். பிறந்த முதல் வாரத்தில், பால் குடித்த நேரத்தை ஒட்டி, தினமும் சில நிமிஷம் மனிதர் கைபட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு மனிதரிடம் பயமில்லாமல் வருகின்றன என்று ஹங்கேரிய ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அதே குட்டிகளை எட்டு வாரத்துக்கு முன்பு தாயிடமிருந்தும் உடன்பிறப்புகளிடமிருந்தும் பிரித்து விற்காதீர்கள். குட்டியாக இருந்தால்தான் அழகு, அழகாக இருந்தால்தான் விற்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தலை நீட்டுவதையும் வழிவிடுவதையும் அது கற்றுக்கொள்வது அந்த வாரங்களில், உடன்பிறப்புகளோடு விளையாடித்தான்.

"ரெண்டு வாங்கச் சொன்னால் ஆள் போய்விடுவார்" என்பீர்கள். சிலர் போவார்கள். இரண்டு முயலை வைத்துக்கொள்ள முடியாதவருக்கு ஒரு முயலையும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. "ஜோடியாக இருந்தால் மனிதரிடம் ஒட்டாது" என்றும் சொல்கிறார்கள். நான் பார்த்தது வேறு. துணையோடு இருக்கும் முயலுக்குப் பயம் குறைவு. ஒன்று துணிந்து மடியருகே வந்தால் மற்றது பின்னாலேயே வரும். ஒட்டாத முயல்கள் என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை தனியாக வளர்ந்தவை. இடமும் இரண்டு மடங்கு தேவைப்படாது. ஒரு முயலுக்கே தாராளமாக ஓடியாட இடம் வேண்டும். அந்த இடத்தில் இரண்டும் சேர்ந்து ஓடும்.

ஜோடியில் ஒன்று ஒருநாள் முதலில் போகும். மிச்சமிருப்பது தீனியை விட்டுவிடலாம், தேடிக்கொண்டே அலையலாம். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இறந்த உடலை மற்றதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்து முகர்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் தேடுவது குறைகிறது என்பது முயல் வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம், என்னுடையதும். அந்த நேரத்தில் அவர்கள் மறுபடி உங்களிடம்தான் வருவார்கள். அப்போது ஒரு குட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள். வயதான முயலுக்குத் துள்ளும் குட்டி தொல்லை. யார் வீட்டில் எந்த வயதில் தனி முயல் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் நீங்களே இரண்டு வீட்டையும் சேர்த்துவிடலாம். விற்ற முயலை, எந்த வயதில் திரும்பி வந்தாலும், வாங்கிக்கொள்வோம் என்றும் எழுதி ஒட்டுங்கள்.

இன்று உங்களிடம் ஒரே ஒரு முயல் மிஞ்சியிருந்தால், அதை வாங்க வருபவரிடம் முதலில் வீட்டில் முயல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் துணை கிடைக்கும்வரை வைத்திருங்கள். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லவும், ஜோடி சேர்க்க உட்காரவும், வாங்குபவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாளை எழுதித் தரவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். அதற்குப் பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கைவிடப்பட்ட முயல்களுக்கு வீடு தேடும் ஒருவன்